டெஸ்டிங் பாட்டு

ஆவணி 4, செவ்வாய்

எம்மவ செல்வி சொல்லித்தான் இத ஆரம்பிக்கேன். அவ மஸ்கட்டுல இருக்கா. நெனச்ச நேரம் பேச முடியாது, அவளுக்கு ஆஸ்பத்திரியில டூட்டி. அம்மா, நீ சும்மா போனப் பாத்துப் பேசு, அது எழுத்தா வச்சுக்கிடும், எனக்கு அனுப்பாண்டாம், ஒனக்கே இருக்கட்டும்னா. மேல தேதி மட்டும் சொல்லிக்கன்னா. சொல்லிட்டேன்.

நான் ரெண்டாங் கிளாஸ் வரைக்கும் போனவ. அதும் மத்தியானச் சோத்துக்கு. பேரு எழுதுவேன். ஆவுடைத்தங்கம். பாதியில நிறுத்துனா வேற ஆளாயிரும்னு வாத்தியாரு சொல்லுவாரு, அதனால ஒரே மூச்சுல எழுதிருவேன்.

பேசுததுக்கு மைக்கு படம் போட்ட எடத்துல அமுக்கணும். மைக்கப் பாத்ததும் சிரிப்பு வந்துட்டு. எங்க வீட்டுல உள்ளவிய ஆதிலிங்கம், ஆயுசு பூரா மைக்செட்டு போட்டாவ. இந்தச் செம்மண் தேரிக்காட்டு ஊர் எதுலயும் கோயில் கொடை, கல்யாணம், சாவு, மாதா கோயில் திருநாள்னா ஆதிலிங்கம் சவுண்ட் சர்வீஸ்தான். ஆனா என்னய ஒரு நா மைக்குல பேசச் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. இப்ப பேசுதேன், கேக்கதுக்குத்தான் ஆளக் காணும்.

அவிய போயி வருசம் ஆவப் போவுது. வார புரட்டாசியில மொதத் திவசம்.

இன்னைக்கு ஒரு கை அரிசிதான் போட்டேன். ஒரு கை அரிசி கொதிக்குத சத்தம் இருக்கே, சத்தமே இல்ல. பானைக்குள்ள யாரோ மூச்சு விடுத மாரி.

ஆவணி 9, ஞாயிறு

பெரியத்தான் வந்தாவ. அவியளோட அண்ணன், வைகுண்டமணி. முட்டு வலியோட சைக்கிள உருட்டிக்கிட்டே வந்துருக்காவ. ஏறி ஓட்ட முடியாத சைக்கிளு எதுக்குன்னு கேட்டா, பிடிச்சுக்கிட்டு நடக்கதுக்குங்காவ.

திவசத்தப் பத்திப் பேச்சு. எங்க பக்கம் மொத வருசம் படைக்கும்போது போனவியளுக்கு என்னென்ன உசுரோ அத்தனையும் எலையில இருக்கணும். எல்லாம் வச்சு முடிச்சு, வெளக்கு ஏத்திட்டு, ஒருத்தர் மிச்சமில்லாம வெளிய வந்து கதவச் சாத்திரணும். அவிய வந்து சாப்பிடுவாவ. எதாவது ஒண்ணு கொறஞ்சா, சாப்பிடாம எலையப் பாத்துட்டே இருந்துட்டு எந்திரிச்சுப் போயிருவாவளாம். அப்பிடிப் போனா பொறவு கூப்பிட்டாலும் வர மாட்டாவ. எங்க சின்னையாவுக்கு சுருட்டு வைக்க மறந்துட்டு, சித்தி சாவுத வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லி அழுதா. சுருட்டுக்கா அழுதா, அந்தச் சின்னையா செஞ்ச அநியாயத்துக்கு சுருட்டு ஒரு கேடான்னு நாங்க நெனைப்போம். அது வேற கதை.

"என்னெல்லாம் வைக்கணும், சொல்லு தங்கம்"னாவ அத்தான்.

மொச்சக்கொட்டக் கொழம்பு, நெத்திலிக் கருவாடு, கருப்பட்டி மிட்டாய், காஜா பீடி, செவ்வந்திப்பூ. சொல்லிக்கிட்டே வந்தவ, "ஒரு பாட்டு"ன்னேன்.

"என்ன பாட்டு?"

"அந்த இங்கிலீசுப் பாட்டுதான்."

அத்தான் என்னய மேலயும் கீழயும் பாத்தாவ. "அதத்தான நீ நாய் ஊளையிடுதுன்னு ஏசுவ?"

"நான் ஏசுவேன். அவியளுக்குப் பிடிக்கும்லா."

"அந்தப் பாட்டுத் தட்டு அந்த மைக்செட்டுச் சாமான்களோடயே போயிட்டுல்லாம்மா. ஒங்கிட்டக் கேட்டுத்தான கொடுத்தேன்."

கேக்கத்தான் செஞ்சாவ. போன வருசம், மழைத்தண்ணி ஒழுகுதுன்னு செட்டு வச்சிருந்த ரூம்ப ஒழிக்கணும்னு பழைய சாமான்காரனக் கூட்டியாந்தாவ. நான் தாலியறுத்து உள்ள மூலையில கெடந்தேன். ஒவ்வொரு பெட்டியா வண்டியில ஏறுதது கேட்டுச்சு. தங்கம், ஒனக்கு எதாவது வச்சுக்கிடணுமான்னு வாசல்ல நின்னு கேட்டாவ. எனக்கு என்னத்துக்குன்னேன்.

"சரி, ஒரு சாமி பாட்டப் போட்டுருவோம், போன்லயே வரும்"னாவ.

சாமி பாட்டா. அவிய காசுக்குப் போடுவாவ சாமி பாட்டு. அது சோலி. சோலிய எலையில வைப்பாவளா?

ஆவணி 10, திங்கள்

முருங்கக்கீரை உருவுனேன். பாதியப் பக்கத்து வீட்டுப் பூரணத்துக்குக் கொடுத்தேன். வேற ஒண்ணுமில்ல.

ஆவணி 13, வியாழன்

இன்னைக்கு நல்ல காத்து. காத்து மேக்க இருந்து வந்தா எனக்கு அந்த மாதா கோயில் நெனப்பு வந்துரும். சொல்லுதேன். செல்வி கூட இதக் கேட்டதில்ல.

நான் பொறந்த ஊர் கருக்கன்விளை. எங்க அப்பா பனையேறி. நானும் எங்கம்மையும் கருப்பட்டிக்குப் பதனி காய்ச்சுவோம். பதனி காய்ச்சுததுல ஒரு நேரம் இருக்கு. கொதிச்சு, நொரை அடங்கி, பாகு மாரி கூப்பதனி ஆவும்லா, அப்ப கைய எடுக்கப்படாது. துடுப்பப் போட்டுக் கிண்டிட்டே இருக்கணும். கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள அடிப்பிடிச்சு கரியாயிரும். பொறவு மாடு கூடத் தின்னாது. எனக்கு அப்பம் கல்யாண வயசு. அன்னைக்கு எங்கம்மை வெறவு பொறக்கப் போயிட்டா. நான் தனியா நிக்கேன்.

பக்கத்து ஊர் ஆலந்தட்டுல மாதா கோயில் திருநாள். அங்க ஒரு வெள்ளக்காரக் கன்னியாஸ்திரி இருந்து, ஊருக்குத் திரும்பிப் போவும்போது பொஸ்தவம், தட்டு, தொப்பின்னு ஒரு பெட்டி நெறைய விட்டுட்டுப் போயிருக்கா. சாமியாரு அந்தத் தட்டையெல்லாம் மைக்செட்டுக்காரனுக்குக் கொடுத்துட்டாரு. மைக்செட்டுக்காரன் பனங்காட்டுப் பய. அவனுக்கு ஒரே கணக்கு. இங்கிலீசுல பாட்டுன்னா அது ஏசுசாமி பாட்டுத்தான். வேற எதுக்கு இங்கிலீசுல படிக்கப் போறாவ? பெரிய பூசைக்கு முன்னால வெள்ளைக்காரப் பாட்டு ஒண்ணு போடுவோம், சாமியாரு சந்தோசப்படுவாருன்னு, கைக்கு வந்த ஒரு தட்ட எடுத்துப் போட்டுட்டான். நடுவுல ஒட்டிருந்த தாளக் கரையான் தின்னுட்டு, பேரும் கெடையாது ஊரும் கெடையாது.

அதுதான் அந்தப் பாட்டு. காத்துல எங்க அடுப்பு வரைக்கும் வந்துச்சு.

மொதல்ல ஒரு கம்பி மட்டும். தகர டப்பாவ ஆணியால சுண்டுத மாரி. டைன், டைன், டைங்... நிக்கும். திரும்ப டைன், டைன், டைங். நான் மாதா கோயில்ல எதையோ ரிப்பேரு பாக்காவன்னு நெனச்சேன். திடீர்னு கொட்டு. நம்ம ஊர்க் கொட்டு ஆட்டம் போடச் சொல்லும். இது அப்பிடியில்ல. மாருக்குள்ள கைய விட்டு எதையோ பிடிச்சு உலுக்குது. பொறவு ஒரு ஆம்பள கொரல். அவன் பாடல. கத்துதான்னும் சொல்ல முடியாது. ஒருத்தன் பனை உச்சியில நிக்கான், காத்து ஆட்டுது, கீழ ஒரு ஈ காக்கா இல்ல, பயமா இருக்கு, ஆனா எறங்கவும் மனசில்ல, அவன் கூப்பிடுதான். ஆரக் கூப்பிடுதான்? தெரியல. நான்தான் நின்னேன் அங்க. வேற ஆரும் இல்ல.

துடுப்பு கையில இருக்கு. கை ஆடல.

பாதியில நின்னுட்டு. சாமியாரு பூசை உடுப்ப மாட்டியும் மாட்டாமலும் ஓடியாந்து ஒயரப் புடுங்கிட்டாராம். பேயோட பாட்ட மாதா சன்னதியில போடுதியாலன்னு அறையப் போனாராம். பொறவு தெரிஞ்சது எனக்கு.

கருப்பட்டி கரியாயிட்டு. எங்கம்மை வந்து அகப்பையாலயே போட்டா. "என்னத்தட்டி வாயப் பொளந்துட்டு நின்ன? எவன் வந்தான்?"

ஒருத்தரும் வரலம்மான்னேன்.

ஆவணி 14, வெள்ளி

நேத்து பாதியில வுட்டுட்டேன், கோழி அடுப்படிக்குள்ள வந்துட்டு. அந்தச் செவலக் கோழிக்கு என் வீட்டுலதான் தீனி, முட்டை பூரணம் வீட்டுல. கேட்டா, "கோழிக்குத் தெரியும்க்கா எங்க குடும்பம் பெருசுன்னு"ங்கா.

அந்த மைக்செட்டுக்காரப் பயலத்தான் எனக்குக் கட்டி வச்சாவ. எனக்கு ஒண்ணும் தெரியாது. கல்யாணம் முடிஞ்சு மறுவீடெல்லாம் போயிட்டு வந்து, ஒரு நா மத்தியானம், ஒனக்கு ஒண்ணு காட்டுதேம்னு கூப்பிட்டாவ. அந்தத் தட்ட எடுத்து வேட்டி முனையால தொடைச்சு, ஊதி, கொழந்தயத் தொட்டில்ல போடுத மாரி வச்சாவ. ஊசியப் போட்டதும் டைன், டைன், டைங்.

எனக்குக் காலு தரையில இல்ல. மாதா கோயில் குழாயில பாதி கேட்டேம்லா, மீதிய அன்னைக்குத்தான் கேட்டேன். நடுவுல கொட்டெல்லாம் நின்னு போயி ஒரு எடம் வரும். அத இங்க சொல்ல வரல.

முடிஞ்சதும் அவிய மொகத்தப் பாக்கணும். "இந்தப் பூமியில, தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் வரைக்கும், இதக் கேட்டு இதுல என்னமோ இருக்குன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தாம்ட்டி. சாமியாருக்குப் புரியல. எங்கண்ணனுக்குப் புரியல. நான் ஒருத்தன்தான்."

பெருமைன்னா அம்புட்டுப் பெருமை. அதப் போயி நான் தட்டி விடவா? "எப்பிடி இருக்கு?"ன்னு கேட்டாவ.

நாய் ஊளையிடுத மாரி இருக்குன்னேன்.

விழுந்து விழுந்து சிரிச்சாவ. அவியளுக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அதுக்குப் பொறவு எப்பப் போட்டாலும், "ஏட்டி, நாயி வருது, காதப் பொத்திக்க"ம்பாவ. நானும் "ஆமா, இந்தச் சவத்தக் கேக்கதுக்கு நான் அரிசி பொடைக்கப் போறேன்"னு சொளகத் தூக்கிட்டுப் போயிருவேன். அரிசி பொடைக்கதுக்கு அந்த செட்டு ரூம்பு சன்னலுக்கு நேர கீழதான் தோது. வெளிச்சம் அங்கனதான் நல்லா விழும்.

ஆவணி 20, வியாழன்

ஞானராசு வந்தாரு. அவியளுக்குத் தொணையா ரொம்ப காலம் மைக்செட்டுக் குழாய் கட்டுனவரு. இப்ப லோடு ஆட்டோ ஓட்டுதாரு. நான்தான் சொல்லி வுட்டேன், அந்தப் பழைய சாமான்காரன் எங்கன இருக்கான், தட்டு கெடைக்குமான்னு பாருங்கன்னு.

"எந்தத் தட்டு மதினி? டெஸ்டிங் தட்டா?"

அதுக்கு ஊர்ல அந்தப் பேருதான். எங்க செட்டு கட்டுனாலும், ஒயரெல்லாம் மாட்டி முடிச்சதும் சத்தம் சரியா வருதான்னு பாக்க ஒரு பாட்டப் போடுவாவல்லா. மத்தவன்லாம் பிள்ளையார் பாட்டுப் போடுவான், இல்லன்னா ஹலோ ஹலோ ஒன் டூ த்ரீம்பான். அவிய இதத்தான் போடுவாவ. டைன் டைன் டைங், கொட்டு எறங்கும், அந்த ஆளு வாயத் தொறப்பான், டக்குனு எடுத்துருவாவ. அதுக்கு மேல போட்டா வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். அதனால இந்தப் பக்கம் பொறந்த பிள்ளைக எல்லாத்துக்கும் அந்த டைன் டைன் தெரியும். பந்தலுக்குள்ள ஓடி வரும்போதே வாயால அடிச்சுட்டு வருவானுவ. கருங்குளத்துல ஒரு பொண்ணு வீட்டுல, ஆதிலிங்கம் டெஸ்டிங் போட்டாச்சு, மாப்பிள வந்துட்டாருன்னு ஆரத்தியக் கரைச்சுட்டாவளாம்.

ஞானராசு தேத்தண்ணியக் குடிச்சுக்கிட்டே சொன்னாரு, "அண்ணாச்சி எந்த ஊர்ல கட்டுனாலும் ஒரு குழாய மட்டும் இந்த ஊர் பாத்துத் திருப்பச் சொல்லுவாவ மதினி. நான் கேப்பேன், அங்கிட்டு பூரா முள்ளு உடங்காடுல்லா அண்ணாச்சி, முயலுக்கா பாட்டு போடுதியன்னு. ஒன் சோலியப் பாரும்பாவ. காத்து தோதா இருந்தா போயிச் சேரும்லம்பாவ."

"குழாய்னா நாலு பக்கமும்தான கட்டணும்"னேன்.

"நாலு பக்கமும் கட்டணும்தான். இருந்தாலும்."

"இருந்தாலும் என்ன இருந்தாலும். தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

அவரு சும்மா சொல்லுதாரு. தாலியறுத்தவகிட்ட எதாவது நல்லதாச் சொல்லணும்னு சொல்லுவாவல்லா, அது மாரி. அப்பிடி இருந்தா என்கிட்டச் சொல்லியிருக்க மாட்டாவளா?

சாமான்காரன் தூத்துக்குடியில இருக்கானாம். போயி விசாரிச்சுட்டு வாரேம்னாரு.

அவரு போன பொறவு தொழுவத்துல நின்னுட்டே இருந்தேன். எதுக்கு வந்தேன்னு மறந்து போச்சு. பொறவு தெரிஞ்சுது, தொழுவத்துல ஒண்ணுமே கெடையாது இப்ப. மாட்ட வித்து ரொம்ப காலமாச்சு.

ஆவணி 24, திங்கள்

செல்வி கூப்பிட்டா. பாட்ட அவ தேடுதாளாம். இங்கிலீசுப் பாட்டு பூரா போன்லயே இருக்காம். ஒண்ணொண்ணாப் போட்டுக் காட்டுதா.

"இதாம்மா?"

"இல்ல."

"இது? கிட்டார்ல ஆரம்பிக்குதுல்லா?"

"இவன் வயிறு நெறஞ்சு பாடுதான். இவன் இல்ல."

"இது ஒலகம் பூரா தெரிஞ்ச பாட்டும்மா!"

"ஒலகம் பூரா தெரிஞ்சா நம்ம வீட்டுக்கு ஏம்ட்டி வருது."

சிரிக்கா. பொறவு சொன்னா, போன் கிட்ட வாய வச்சு அந்த மெட்டப் படிச்சுக் காட்டுனா அதுவே கண்டுபிடிச்சுச் சொல்லுமாம். நானும் படிச்சேன். அது யோசிச்சு யோசிச்சு ஒரு முருகன் பாட்டக் காட்டுச்சு. திரும்பப் படிச்சேன். தாலாட்டுன்னுச்சு.

"நீ தப்பாப் படிக்க போலம்மா. அப்பா படிச்சிருந்தா கரெக்டாச் சொல்லியிருக்கும்"னா.

அவளுக்கு டூட்டிக்கு நேரமாயிட்டு, வச்சுட்டா. நான் வச்ச போனப் பாத்துச் சொன்னேன். தப்பாப் படிக்கல மக்ளே.

ஆவணி 25, செவ்வாய்

ஊர்ல எனக்குப் பேய் பிடிச்சிருக்காம்.

நேத்து போன்ல படிச்சேம்லா, கொட்டு, கம்பி எல்லாம் வாயாலதான். பூரணம் சொவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுருக்கா. தண்ணிக் கொழாய் கிட்ட எல்லாப் பொம்பளயளும் என்னயப் பாத்ததும் கொடத்த நவத்தி எடம் விட்டாளுவ. எப்பவும் விட மாட்டாளுவ.

பூரணத்தப் பிடிச்சுக் கேட்டேன். "என்னட்டி சொல்லி வச்சிருக்க?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. தங்கக்கா டைய் டைய்ங்குதா, பல்லக் கடிச்சுட்டு ஊங்குதா, எதுக்கும் துண்ணூறு போடுங்கன்னுதான் சொன்னேன்."

"அது பாட்டுட்டி."

"பாட்டா? அதுல சொல்லு ஒண்ணு கூட இல்லியே!"

"எனக்கு இங்கிலீசு தெரியுமா?"

"தெரியாததை ஏன்க்கா படிக்க?"

நல்ல கேள்விதான். துண்ணூறு வாங்கிப் பூசிக்கிட்டு வந்தேன். அவளுக்கும் ஒரு மனத்திருப்தி.

புரட்டாசி 2, புதன்

ஞானராசு வந்தாரு. ஆட்டோவ நிறுத்திட்டு எறங்காமலே இருந்தாரு. அப்பவே தெரிஞ்சுட்டு.

சாமான்காரன் தட்டையெல்லாம் மொத்தமா ஒரு ஆளுக்குக் கொடுத்திருக்கான். அந்த ஆளு அதுல ஓட்டை போட்டு, தங்கக் கலரும் கறுப்புமா பெயிண்டடிச்சு, முள்ளு வச்சு, சொவத்துக் கெடிகாரமாக்கி விக்கானாம். இப்ப ஓட்டல்லயெல்லாம் அதத்தான் மாட்டுதாவளாம். ஞானராசு போன்ல போட்டோ காட்டுனாரு. ஒரு சொவரு நெறைய வட்ட வட்டமா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்தக் காட்டுது. எது அவியளோடதுன்னு எப்பிடிப் பாக்க?

"அதுல ஒண்ண வாங்கியாரட்டுமா மதினி? எலைப் பக்கத்துல வச்சா..."

"ஓட்டை போட்டதை என்ன செய்ய. நேரம் பாக்கவா வாராவ."

அவரு தலையக் குனிஞ்சுட்டே இருந்தாரு. கேசட்டுல பிடிச்சு வைப்போம் அண்ணாச்சின்னு அன்னைக்கே சொன்னேன், கேக்கலியேன்னாரு. ஆமா, கேக்க மாட்டாவ. அந்தக் கீறல் சத்தத்தோட கேட்டாத்தான் அது அதும்பாவ.

புரட்டாசி 5, சனி

மழை. ஓட்டுல ஒழுகுத எடத்துக்குப் பானை வச்சேன். பழைய செட்டு ரூம்புல வைக்கல. அங்க ஒழுகிட்டுப் போவட்டும்.

புரட்டாசி 12, சனி

தேரிக்குள்ள வெறவு பொறக்கப் போனேன். அங்கன படிச்சா ஆருக்கும் கேக்காது. செம்மண்ணும் கொல்லாமரமும்தான். ஒரு மயிலு நின்னுச்சு, அதும் போயிட்டு.

ஒரு விசயம் சொல்லணும். இத எனக்குச் சொல்லவே பயமா இருக்கு. ஆரம்பத்துல இருந்து படிச்சுட்டே வாரேன், டைன் டைன், கொட்டு, அந்த ஆளு கூப்பிடுதது, திரும்ப கம்பி, இம்புட்டும் வருது. கொட்டெல்லாம் நின்னு ஒரு எடம் வரும்னு சொன்னேம்லா. அது வரல. அங்க வந்ததும் ஒரே வெள்ளையா இருக்கு. அதுக்கு அடுத்தது தெரியுது, முடிவு தெரியுது, அந்த எடம் மட்டும் போயிட்டு.

எப்பப் போச்சு? போன வருசம் இருந்துச்சே. கடைசியா ஆஸ்பத்திரியில இருந்து அவியளக் கூட்டியாந்து கட்டில்ல போட்டப்ப, போடட்டுமான்னு கேட்டேன். கண்ணால ஆமான்னாவ. நான்தான் தட்ட எடுத்து வேட்டி முனையால தொடைச்சு வச்சேன். ஊசியப் போட்டுட்டு, நாய் ஊளையிட ஆரம்பிச்சுட்டு, நான் அரிசி பொடைக்கப் போறேம்னு வெளிய வந்துட்டேன். அந்தால உள்ளயே இருந்திருந்தா என்ன. ஒரு அரிசியும் இல்ல அன்னைக்கு. வெறுஞ் சொளகு.

தட்டும் இல்ல. பேரும் தெரியாது. அதப் பாடுனவன் இருக்கானோ செத்தானோ. இனி அந்தப் பாட்டு இருக்குதுன்னா என் தலைக்குள்ள மட்டுந்தான், அதும் தேஞ்சுட்டு வருது. நான் என்னத்த வைப்பேன் எலையில?

திரும்பி வரும்போது வெறவக் கட்டி வச்ச எடத்துலயே விட்டுட்டு வந்துருக்கேன். வீட்டு வாசல்ல வந்துதான் பாத்தேன், தலையில சும்மாடு மட்டும் இருக்கு.

புரட்டாசி 17, வியாழன்

தெனமும் தேரிக்குப் போறேன். வரல.

புரட்டாசி 19, சனி

நாளைக்குத் திவசம். பெரியத்தானும் அவிய வீட்டு அக்காவும் பிள்ளைகளும் வந்துட்டாவ. வீடு நெறைய ஆளு. அக்கா அடுப்படியப் பிடிச்சுக்கிட்டா. எனக்கு என் வீட்டுல எங்க நிக்கன்னு தெரியல, வேப்பமரத்தடிக்குப் போயி மொச்ச உரிச்சேன். செல்விக்கு லீவு கெடைக்கல. அழுதா. அழாத மக்ளே, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுதேம்னேன்.

பெரியத்தான் பேரன் போன்ல சாமி பாட்டெல்லாம் ரெடி பண்ணி வச்சிருக்கான்.

புரட்டாசி 21, திங்கள்

எல்லாரும் போயாச்சு. நேத்து நடந்ததச் சொல்லுதேன்.

தலைவாழை எலை போட்டு எல்லாம் வச்சோம். கருவாட்ட அக்கா கொஞ்சம் தீச்சுட்டா. பரவாயில்ல, அவியளுக்குத் தீஞ்சாப் பிடிக்கும். பீடிக்கட்டு, செவ்வந்திப்பூ. ஞானராசு மாதா கோயிலுக்குப் போவுத வேதக்காரரு, இருந்தாலும் குளிச்சு வேட்டி கட்டி வந்து மூலையில நின்னாரு. பூரணம் ஒரு முட்டையக் கொண்டாந்து வச்சா. என் கோழி முட்டை.

வெளக்க ஏத்துனதும் பெரியத்தான், "சரி, எல்லாரும் வெளிய வாங்க, கதவச் சாத்துவோம்"னாவ. ஒவ்வொருத்தரா எறங்குனாவ. நான் நின்னேன்.

"வாம்மா தங்கம்."

"நீங்க போங்க. நான் இருக்கேன்."

"உள்ள ஆரும் இருக்கப்படாதும்மா. ஆளிருந்தா வர மாட்டான்லா."

"அடுத்த ஆளிருந்தாத்தான வர மாட்டாவ. நான் அடுத்த ஆளா?"

அக்கா என்னமோ சொல்ல வாயெடுத்தா. அத்தான் அவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாவ. அந்தப் பேரன் போன எடுத்துக்கிட்டு, "பாட்டு போடட்டுமா ஆச்சி?"ன்னான். வேண்டாம்யா, போன்னேன்.

கதவ நானே சாத்துனேன்.

வெக்கமா இருந்துச்சு. புதுப்பொண்ணா இருந்தப்பக் கூட எனக்கு அம்புட்டு வெக்கம் வந்ததில்ல. வெளிய காலு தேய்க்குத சத்தம், அக்கா முணுமுணுக்கது எல்லாம் கேக்குது.

டைன், டைன், டைங்.

வெளிய ஒருத்தன் சிரிச்சான். "ஏல, ஆதிலிங்கம் டெஸ்டிங்ல!"ன்னான். இன்னொருத்தனும் சேந்து டைன் டைன்னான். எல்லாரும் சிரிச்சாவ. நானும் விடல. கொட்ட எறக்குனேன். அந்த ஆளு வாயத் தொறக்குத எடம் வந்துச்சு. அங்கனதான் எப்பவும் அவிய எடுத்துருவாவ. வெளிய உள்ளவியளும் முடிஞ்சுட்டுன்னு நெனச்சு பேச்ச ஆரம்பிச்சுட்டாவ. நான் வாயத் தொறந்தேன்.

பேச்சு நின்னுட்டு.

படிச்சேன். பனை உச்சியில நின்னு கூப்பிடுத மாரியே படிச்சேன். கொரல் பிசிறுது, பல்லு போன வாயில காத்து போவுது, நிறுத்தல. கையால தொடையில தட்டிக்கிட்டேன். கம்பி அழுவுத எடம், திரும்ப அவன் கத்துத எடம், எல்லாம் வந்துச்சு. பொறவு அந்த எடம் வந்துச்சு.

வரல.

தேடுனேன், வரல. எலையப் பாத்தேன். வெளக்கு ஆடாம எரியுது. எனக்குத் திடீர்னு ஒரு யோசன. எனக்கு மறந்துட்டு சரி, அவியளுக்கு மறக்குமா? அத அவிய படிச்சுக்கிடட்டும்னு விட்டுட்டேன். வாய மூடிக்கிட்டு, அந்த எடம் எம்புட்டு நேரம் ஓடுமோ அம்புட்டு நேரம் கேட்டுட்டு நின்னேன். சொளகு இல்ல, சன்னல் இல்ல. எலைக்கு நேர, எதுக்க நின்னு கேட்டேன்.

முடிஞ்சதும் நான் எடுத்துக்கிட்டேன். கடைசி வரைக்கும் படிச்சேன். அது பட்டுனு நிக்காது. கொஞ்சங் கொஞ்சமாத் தூரமாப் போவும். அப்பிடியே போவ விட்டேன்.

கதவத் தொறந்தேன். எல்லாரும் நிக்காவ. பூரணம் கண்ணத் தொடைச்சுக்கிட்டு நிக்கா, துண்ணூறு பேச்சக் காணும். ஞானராசு உடங்காட்டப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு. பெரியத்தான் சைக்கிள் ஹாண்டில்பாரப் பிடிச்சுக்கிட்டு நிக்காவ.

"இம்புட்டு நீளமாம்மா அந்தப் பாட்டு?"ன்னாவ.

"ஆமா அத்தான்."

"நான் அது அங்கனேயே முடிஞ்சிரும்னுல்லா இத்தன வருசமா நெனச்சுட்டிருந்தேன்."

"இல்ல அத்தான். அது போவும்."

பொறவு எல்லாரும் உள்ள வந்து கைகழுவி உக்காந்தாவ. நான்தான் பரிமாறுனேன். கொழம்பு நல்லாருக்குன்னாவ, கருவாடு தீஞ்சுட்டுன்னாவ. நீ எப்பிடி அத முழுசாப் படிச்சன்னு ஒருத்தரும் கேக்கல.

கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.